வட்டியும் புட்டிலும்: சங்கப் பாடல்களில் முடைந்த பொருளும் முடைந்த கையும்

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத்தில் கூடை வகைகளைக் குறிக்கும் வட்டி, புட்டில், பிழா, பறி முதலிய சொற்கள் பல பாடல்களில் பயில்கின்றன. இவை பெரும்பாலும் பண்டமாற்று வணிகத்திற்கோ அக்காலப் புழங்குபொருள்களுக்கோ சான்றாகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. முடைபொருள் கவிதைக்குள் என்ன பணி செய்கிறது, அதனை முடைந்தவர் எங்கே தோன்றுகிறார், தோன்றும்போது எப்பெயரால் சுட்டப்படுகிறார் என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. ஐங்குறுநூறு, நற்றிணை, குறுந்தொகை, கலித்தொகை, புறநானூறு, பெரும்பாணாற்றுப்படை ஆகியவற்றின் தேர்ந்தெடுத்த இடங்களை முன்வைத்து இக்கட்டுரை இவ்வினாக்களை ஆராய்கிறது. விளையாட்டாகச் செய்யப்படும் நார்வேலை எவருடைய பிறப்பையும் சுட்டாமல் நிற்க, விலைக்கோ ஊர்த் தேவைக்கோ செய்யப்படும் வேலை செய்தவரின் பிறப்புப் பெயரோடு இணைத்தே சொல்லப்படுகிறது என்பது இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: வட்டி, புட்டில், போழ், நிணத்தல், புனைதல், கைவினை, புலைத்தி, இழிசினன்.

முன்னுரை

மண்ணால் ஆகிய பொருள்களுக்குத் தொல்லியல் துணை உண்டு. அரிக்கமேடு, கொடுமணல், கீழடி ஆகிய இடங்களில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானையோடுகள் அவற்றைப் பயன்படுத்திய மாந்தரின் பெயர்களையும் நமக்குத் தந்துள்ளன. ஓலையாலும் நாராலும் மூங்கிலாலும் ஆகியவற்றின் நிலை வேறு. ஈரமும் கரையானும் உள்ள மண்ணில் அவை எளிதில் எஞ்சுவதில்லை. எனவே பழந்தமிழகத்தின் கூடைகளைப் பற்றி அறிய முற்படுவோர் பெரிதும் சொற்களையே நாட வேண்டியுள்ளது. பானைக்கு மண் செய்த காவலைக் கூடைக்குப் பாடல் செய்துள்ளது எனலாம்.

இக்காவலின் தன்மையைச் சோதிப்பது தேவையாகிறது. சங்ககாலத் தொழில்களைத் தொகுத்துரைக்கும் ஆய்வுகளில் உழவு, மீன்பிடிப்பு, நெசவு, கொல்லுவேலை, மட்கலம் வனைதல் ஆகியன தனித்தனித் தலைப்புகளைப் பெறுகின்றன. கூடை முடைதல் பெரும்பாலும் ‘பிற தொழில்கள்’ என்னும் பகுதியில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. சான்றுகள் குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. கூடை வரும் பாடல்களில் கூடைக்குள் இருக்கும் மீனையும் நெல்லையும் எண்ணிய அளவிற்குக் கூடையை எவரும் நோக்காமையும் காரணமாகும்.

மீண்டு வரும் வட்டி

வட்டி இடம்பெறும் பாடல்களில் அது ஒரே இடத்தில் கிடப்பதில்லை, போகிறது, மீள்கிறது. ஓரம்போகியார் பாடிய ஐங்குறுநூற்று மருதப் பாடல்களில் பாண்மகள் மீன் கொணர்ந்து சொரிந்த வட்டியில் மனையோள் பயற்றையோ பழைய வெண்ணெல்லையோ நிறைத்துத் தருகிறாள் (ஐங். 47, 48). புறநானூற்றில் வேட்டுவன் மான்தசை கொணர்ந்த வட்டியும் ஆய்மகள் தயிர் கொணர்ந்த பானையும் உழவர் வீட்டு மகளிரால் நெல் நிறைக்கப்பெற்றுத் திரும்புகின்றன (புறம். 33). பண்டமாற்று முறைக்கு இவை தக்க சான்றுகள் என்பதில் ஐயமில்லை. எனினும் அகப்பாடலில் இக்காட்சி வெறும் பொருளியல் செய்தியாக நிற்பதில்லை.

ஐங்குறுநூறு 48ஆம் பாடலில், பரத்தை செய்த குறிகளோடு தன் இல்லத்திற்கு வரும் தலைவனைத் தலைவி மறுக்கிறாள். அவனது ஊரைச் சுட்டும் அடைமொழியாகவே வரால்மீன் சொரிந்த வட்டியில் நெல் நிறைக்கும் காட்சி வருகிறது. இங்கு முடைபொருளின் இயல்பை நினைவிற் கொண்டால் உள்ளுறை ஒருபடி துலங்குகிறது. மட்கலத்தைக் கழுவித் தூய்மை செய்வது எளிது. முடைந்த கூடையில் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும்; மீனின் வாடையோ ஓலையிலும் நாரிலும் ஊறி நிற்கும். அவ்வட்டியில் எவ்வளவு தூய வெண்ணெல்லைப் பெய்தாலும் முன்பு பெய்யப்பட்டது மறைவதில்லை. வேறொருத்தியின் குறிகளைத் தாங்கிக்கொண்டு மனைவியின் இல்லம் புகும் தலைவனுக்கும் அவ்வட்டிக்கும் இடையே உள்ள ஒப்புமை, மீனும் நெல்லும் கைமாறியதில் மட்டும் இல்லை. வட்டியின் நாரிலும் அது உள்ளது.

நற்றிணை 210இல் மிளைகிழான் நல்வேட்டனார் இதனை வேறு திசையில் பயன்படுத்துகிறார். அறுவடை முடிந்து மறுபடியும் உழுத ஈரவயலுக்கு விதையோடு சென்ற வட்டிகள் மீனோடு திரும்புகின்றன. இவ்வளம் மிக்க ஊரனை நோக்கியே, அரசரால் புகழப்படுதலும் ஊர்தியில் விரைந்து செல்லுதலும் செல்வமல்ல, தம்மைச் சார்ந்தோரின் துன்பத்திற்கு அஞ்சும் பண்பே செல்வம் என்னும் அறிவுரை கூறப்படுகிறது. விதை கொண்டு சென்ற வட்டியே வெறுமையாகத் திரும்பாதபோது, தன்னைச் சார்ந்தவளிடம் தலைவன் எதனோடு திரும்புகிறான் என்னும் கேள்வி பாடலில் சொல்லாமலே எழுகிறது.

உரோடகத்துக் கந்தரத்தனாரின் குறுந்தொகைப் பாடலிலும் (குறுந். 155) விதை கொண்டு சென்ற சிறுவட்டிகள் மாலையில் மலர் நிறைந்து மீள்கின்றன. பொழுது வந்துவிட்டது, தலைவனது தேரின் மணியொலி மட்டும் கேட்கவில்லை. உழவரின் கையிலுள்ள எளிய வட்டி காலந்தவறாமல் நிறைந்து வர, மணி கட்டிய தேர் வரவில்லை என்னும் முரணில்தான் தலைவியின் ஏக்கம் கூர்மை பெறுகிறது.

இம்மூன்று அகப்பாடல்களிலும் வட்டி ஒரு சொல்லின் பணியைச் செய்கிறது. போனது வெறுங்கையாய் மீளாது என்னும் நம்பிக்கையின் வடிவம் அது. ஆயினும் இவற்றுள் எதிலும் வட்டியை முடைந்தவர் இல்லை. நெல்லுக்கு உழவரும் மீனுக்குப் பாண்மகளும் இருக்க, வட்டி மட்டும் தானே விளைந்ததுபோல் கையில் இருக்கிறது.

நாரை அறிந்த புலவர்

முடைந்தவர் தோன்றாமைக்குப் புலவர்களின் அறியாமை காரணமாகாது. நார்ப்பொருள்களை அவர்கள் நுட்பமாக அறிந்திருந்தனர். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞரின் குடிசையை விவரிக்கும் பகுதி (263-265) இதற்குச் சிறந்த சான்று. வேழக்கோலை நிரலாக வைத்து, இடையிடையே வெண்மையான கொம்புகளைக் கலந்து, தாழை நாரால் கட்டி, தருப்பைப் புல்லால் வேய்ந்த குடிசை அது. நிறுத்துவதற்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று, வேய்வதற்கு ஒன்று எனத் தாவரங்கள் பணிக்கேற்பப் பிரித்துச் சொல்லப்படுகின்றன. முற்றத்தில் மீன்பிடிக்கும் பறி கிடக்கிறது. அதனை அடுத்துக் கள் சமைக்கும் பகுதியில் அரிசிக் களியை ஆற்றுவதற்குரிய அகன்ற வாயையுடைய பிழா வருகிறது.

எந்த நார் வளையும், எது இறுக்கிப் பிடிக்கும், எது மழையைத் தாங்கும் என்னும் அறிவு முடைவோரின் அறிவு. அது புலவரின் செய்யுளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் செய்யுளில் அது குடிசையின் பண்பாகவும் நிலத்தின் பண்பாகவும் நிற்கிறதேயன்றி ஒருவரின் திறனாக நிற்கவில்லை. திணைக் கோட்பாட்டில் கருப்பொருள் என்னும் வகைப்பாடு இதற்கு இடமளிக்கிறது. நிலத்திற்கு உரியதாக ஒரு பொருளைக் கொண்டுவிட்டால், அது செய்யப்பட்டது என்பதை நினைவூட்ட வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

‘போழ்’ வழங்கும் இரு பாடல்கள்

முடைந்த கையைக் காட்டும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இரண்டு இங்கு முதன்மையானவை. இரண்டிலும் ‘போழ்’ என்னும் சொல் வருவது குறிக்கத்தக்கது. போழ்தல் என்பது பிளத்தல். மூங்கிலைப் பிளாச்சாக்குவதும் குருத்தோலையின் ஈர்க்கை நீக்கி ஒரே அகலத்தில் வகிர்வதுமே முடைதலின் முதல் வேலைகள். வகிர்ந்தது சீராக இல்லையெனில் பின்னல் சீராக அமையாது.

முதலாவது, சாத்தந்தையார் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 82ஆம் பாடல். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகால நோவு, மழை பெய்கிறது, ஞாயிறு மறைகிறது. இந்நிலையில் கட்டில் பின்னும் ஒருவனின் கையிலுள்ள, போழைச் செலுத்தும் ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ அதனினும் விரைவாக நிகழ்ந்தது கிள்ளியின் போர் என்கிறது பாடல். இங்குள்ள போழுக்குத் தோல்வார் என்றே பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. தோலோ நாரோ, பின்னும் செயல் ஒன்றே.

இப்பாடல் மன்னனின் விரைவைப் புகழ்வதாகவே விளக்கப்படுகிறது. அதன் கட்டமைப்பைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்றும் தெரிகிறது. பாடலின் பெரும்பகுதி கட்டில் பின்னுபவனுக்கே உரியது. அவனுக்கு மனைவி உண்டு, பிறக்கப்போகும் குழந்தை உண்டு, விழாவில் பங்கு உண்டு, மழைக்கும் இருளுக்கும் முன்னர் முடிக்க வேண்டிய வேலை உண்டு. மன்னனுக்கோ போரும் மாலையும் மட்டுமே உள்ளன. அன்றியும், உவமையில் அளவுகோலாக நிற்பது பின்னுபவனின் கை. அளக்கப்படுவது மன்னனின் போர். விரைவு என்றால் என்ன என்பதைக் கேட்போர் அறிந்திருப்பது அந்த ஊசியின் வழியாகத்தான். இவ்வளவையும் தந்த பாடல் அவனை அழைக்கும் பெயர் ‘இழிசினன்’.

இரண்டாவது, கலித்தொகையின் முல்லைக்கலியில் வரும் 117ஆம் பாடல். தலைவியின் கையில் இருப்பது என்ன என்று தலைவன் வினவுகிறான். தான் சேரிக் கிழவனின் மகள் என்று தொடங்கும் தலைவி, தன் கையிலிருப்பது ஒரு புலைத்தி விலைக்காகச் செய்த, போழால் புனைந்த வரிப்புட்டில் என்கிறாள். உள்ளே என்ன என்று அவன் மேலும் வினவ, தோழியோடு காட்டோரம் கொய்த முல்லை என்று விடை வருகிறது.

வட்டி வரும் பாடல்களில் காணாத மூன்று செய்திகள் இங்கு ஒருங்கே அமைகின்றன. செய்தவள் ஒரு பெண். செய்தது விற்பதற்காக. செய்யப்பட்டதில் ‘வரி’ உண்டு. வரி என்பது நிறம் மாறிய போழ்களை இடையிட்டோ பின்னும் போக்கை மாற்றியோ பெறுவது. பூக்களைத் தாங்குவதற்கு வரி தேவையில்லை. தேவைக்கு மேலாகச் செய்தவள் தன் கண்ணையும் நேரத்தையும் அதில் செலவிட்டிருக்கிறாள். பாடல் இதனை மறைக்கவில்லை. ‘புனைந்த’ என்றே சொல்கிறது.

வினைச்சொற்களின் வேறுபாடும் நோக்கத்தக்கது. புறம் 82இல் கட்டில் பின்னுபவனின் செயல் நிணத்தல் எனப்படுகிறது. ‘புனை’ என்னும் சொல் அப்பாடலில் மன்னனது ஆத்தி மாலைக்கே உரியதாகிறது. கலி 117இலோ அதே சொல் புலைத்தியின் புட்டிலுக்கு வழங்குகிறது. அழகுபடச் செய்தல் என்னும் பொருளுடைய இச்சொல் மன்னனின் மாலைக்கும் விலைக்கூடைக்கும் பொதுவாக நிற்பது சிறிய செய்தியன்று. வேலையின் தரத்தை மொழி ஒப்புக்கொண்டிருக்கிறது. வேலை செய்தவளைச் சுட்டும்போது மட்டும் பிறப்புப் பெயருக்குத் திரும்பிவிடுகிறது.

விளையாட்டும் விலையும்

பிறப்புப் பெயர் எங்கே தேவைப்படுவதில்லை என்பதைக் கண்டால் எங்கே தேவைப்படுகிறது என்பது தெளிவாகும். பஞ்சாய்க் கோரையால் பாவை செய்தல் அகப்பாடல்களில் பயிலும் விளையாட்டு. குழந்தைப்பேற்றைக் குறித்த பேச்சுக்குக் கோரைப்பாவையையே விடையாக வைக்கும் ஐங்குறுநூற்றுப் பாடலும் (ஐங். 155), தலைவிக்காகப் பாவை செய்ததையும் கோரை விளைந்த பள்ளத்தைச் சுற்றித் திரிந்ததையும் தலைவன் நினைவுகூரும் குறுந்தொகைப் பாடலும் (குறுந். 276) இதற்குச் சான்றுகள். கோரையைப் பறித்து, வளைத்து, முடிந்து உருவாக்கும் கைப்பழக்கம் கூடைக்குரிய கைப்பழக்கத்திலிருந்து வேறானதன்று. ஆனால் இங்கே அக்கை தலைவியின் கை, தலைவனின் கை. அது காதலுக்கும் இளமைக்கும் அடையாளமாகிறது. எவருடைய குடிப்பிறப்பையும் தாழ்த்துவதில்லை.

பனைக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். தொல்காப்பியப் புறத்திணையியல் வேந்தரின் அடையாளப் பூக்களாக வேம்பையும் ஆரையும் போந்தையையும் கூறுகிறது. போந்தை என்பது பனையே. சேரனது தலையில் அது குடியின் பெருமை. விறலியும் பாணனும் உண்ணும் கலமாகவோ, விலைக்கு முடையும் பெட்டியாகவோ ஆகும்போது அதே மரம் பெருமையை இழந்துவிடுகிறது.

ஆக, தாவரமோ கைத்திறனோ தாழ்வுக்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. பிறருக்காக, கூலிக்கோ விலைக்கோ செய்தல் என்னும் உறவில்தான் பிறப்புப் பெயர் வந்து சேர்கிறது. இதனை ‘தொழிற்பெயர்’ என்று மட்டும் கூறிக் கடந்துவிட இயலாது. கூடை முடைவதைக் குறிக்கும் சொல்லாகப் ‘புலைத்தி’ பாடல்களில் வழங்கவில்லை. ஆடை வெளுப்பவளுக்கும் அச்சொல் வழங்குகிறது. தொழில் வேறுபட்டும் பெயர் மாறாமை, அப்பெயர் தொழிலை அன்றிச் செய்வோரின் இடத்தைச் சுட்டுகிறது என்பதைக் காட்டும்.

மாற்றுக் கருத்துகள்

இக்கருத்திற்கு மூன்று தடைகள் எழலாம். முதலாவது, சங்கப் பாடல்களில் தொழில் செய்வோர் எவருமே இயற்பெயரால் சுட்டப்படுவதில்லை என்பது. இது உண்மையே. எனினும் சுட்டும் முறையில் வேறுபாடு உண்டு. மட்கலம் வனைபவரைப் புறநானூறு ‘கோ’ என விளித்து, மாண்ட மன்னனுக்குத் தாழி செய்யுமாறு வேண்டுகிறது (புறம். 228). வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடமை என, ஈன்று புறந்தருதலாகிய தாயின் கடமையோடு அவன் பணி நிரல்படுத்தப்படுகிறது (புறம். 312). குயவரும் கொல்லரும் தம் வேலையின் பெயரால் அறியப்படுகின்றனர். கட்டில் பின்னுபவனும் புட்டில் செய்பவளும் அப்படி அறியப்படவில்லை.

இரண்டாவது, இழிசினன், புலைத்தி என்னும் சொற்கள் பிற்காலத்தில் பெற்ற பொருளைப் பழம்பாடல்களில் ஏற்றுதல் தகாது என்பது. இவ்வெச்சரிக்கை தேவையானதே. புலை என்னும் சொல்லின் தொடக்கப் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சடங்குசார் ஆற்றலோடு அதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். ஆயினும் சடங்குசார் அச்சமும் சமூகத் தாழ்வும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ‘இழி’ என்னும் அடியோ விளக்கம் வேண்டாதது.

மூன்றாவது, கலித்தொகை ஏனைய தொகைகளுக்குக் காலத்தால் பிற்பட்டது என்னும் கருத்து. அதனை ஏற்றுக்கொண்டால், விலை, பிறப்பு, அழகு ஆகிய மூன்றும் ஒருங்கே வெளிப்படுவது ஒரு மாற்றத்தின் அடையாளமாகலாம். வட்டி கொடுத்து வாங்கும் உறவின் கலமாக இருக்க, புட்டில் தானே விலைப்பொருளாகிவிட்டது. இது இக்கட்டுரையின் கருத்தை மறுப்பதைவிட அதற்கு ஒரு வரலாற்றுப் போக்கைச் சேர்க்கிறது.

ஓலையின் இரு வழிகள்

இப்பாடல்கள் நம் கைக்கு வந்த வழியையும் இங்குச் சேர்த்தெண்ண வேண்டும். கலித்தொகையைச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இலும் புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இலும் ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சேற்றினர். ஏட்டிற்கான ஓலையைப் பதம் பார்த்து வெட்டி, உலர்த்தி, வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, மெருகிட்டு, ஓரளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோப்பர். பெட்டிக்கான ஓலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, வகிர்ந்து, நீர் தெளித்து நெகிழச்செய்து முடைவர். அடியை முதலில் பின்னி, ஓலையை மேல்நோக்கி மடித்துச் சுவரெழுப்பி, வாயை நாரால் கட்டுவர். ஒரே மரத்தின் ஓலை இருவகை அறிவால் இருவகைப் பொருளாகிறது. ஏடு எழுதியவரின் பெயர் சில சுவடிகளின் இறுதியில் உண்டு; பதிப்பித்தவரின் பெயர் இலக்கிய வரலாற்றில் உண்டு. ஓலையைப் பதப்படுத்திய கையின் பெயர் இரு வழியிலும் இல்லை.

இவ்வின்மை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. பத்தமடைப் பாயும் செட்டிநாட்டுக் கொட்டானும் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள். குறியீட்டின் பெயரில் நிற்பது ஊரும் பொருளுமே. திணையின் கருப்பொருளாக வட்டி நின்ற முறைக்கும் ஊரின் அடையாளமாகப் பாய் நிற்கும் முறைக்கும் உள்ள ஒற்றுமை எண்ணத்தக்கது. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி எனத் தமிழகத்திலும் ஈழத்திலும் வழங்கும் சொற்கள் அகராதியில் பொருள்களின் பெயர்களாகப் பதிவாகியுள்ளன. அவற்றை முடைவோர் தம் வேலையின் ஒவ்வொரு படிநிலைக்கும் வழங்கும் வினைச்சொற்கள் அதே அளவில் திரட்டப்படவில்லை. நிணத்தலும் புனைதலும் தந்த வேறுபாட்டை நோக்க, இழக்கப்படுவது சொல் மட்டுமன்று என்பது புலனாகும்.

முடிவுரை

சங்கப் பாடல்களில் வட்டி, வெறுமையாய் மீளாமையின் உருவாக நின்று அகப்பொருளைக் கூர்மைப்படுத்துகிறது. நார்ப்பொருள்களைப் பற்றிய நுண்ணறிவு பாடல்களில் உண்டெனினும் அது நிலத்தின் பண்பாக மாற்றப்பட்டுள்ளது. முடைந்த கை தோன்றும் புறம் 82, கலி 117 ஆகிய இரு பாடல்களிலும் கைத்திறன் உயர்வாக மதிக்கப்பட, செய்தவர் பிறப்புப் பெயராலேயே சுட்டப்படுகிறார். விளையாட்டாகக் கோரை முடிபவர்க்கு இப்பெயர் ஒட்டுவதில்லை.

எனவே கூடை வரும் பாடல்களைப் பண்டமாற்றின் சான்றாக மட்டும் படிப்பது அரைகுறைப் படிப்பாகும். புலைத்தியின் புட்டிலில் இருந்த முல்லை அன்றே வாடியிருக்கும். புட்டிலும் சில ஆண்டுகளில் மக்கியிருக்கும். அதில் அவள் இட்ட வரியை மட்டும் பாடல் காத்துத் தந்திருக்கிறது. அவ்வரியைப் படிப்பதற்கு முடைதலின் சொற்களும் முறைகளும் தெரிந்திருத்தல் வேண்டும். அவற்றை இன்று அறிந்தோர் ஓலை வகிர்ந்து வாழ்வோரே. இலக்கிய ஆய்வு அவர்களைத் தகவலாளிகளாக மட்டும் கருதாமல், இப்பாடல்களுக்கு உரை சொல்லத் தக்கவர்களாகவும் ஏற்குமாயின், வட்டியையும் புட்டிலையும் பற்றிய வாசிப்பு முழுமையை நெருங்கும்.